பிஸ்கற் பேணியும் அறுபத்துமூன்று வீடுகளும்

1

1987 மே 12, செவ்வாய்க்கிழமை, காலை 9.40. டோர்ட்மண்டில் தூறல். பல்கலைக்கழக வாசலில் தொங்கிய வெப்பமானியில் பதினொரு பாகை. மே மாதத்தில் பதினொரு பாகையை இந்த நாட்டுக்காரர் வசந்தம் என்கிறார்கள்.

மூன்றாம் மாடி நடைகூடத்தில் ஒரு வாங்கில் இருந்தேன். எதிரே இருந்த பேராசிரியரின் அறைக்குள் என் மகள் சுகந்தி போய்விட்டாள். அவள் கொண்டுபோன கோப்பில் நாற்பத்தொரு பக்கம். அதில் இருபத்தாறு பக்கம் நான் எழுதியது. முப்பத்தொரு வருடம் கூட்டுறவுத் திணைக்களத்தில் பரிசோதகராக இருந்தவன். என் கணக்கைத் திருப்பி அனுப்பிய மேலதிகாரி எவரும் இல்லை.

பதினேழு நிமிடத்தில் அவள் வெளியே வந்தாள். கோப்பும் அவள் கையிலேயே வந்தது.

"என்ன பிள்ளை, கூட்டலிலை பிழையோ?" என்று கேட்டேன்.

"கூட்டல் சரியாம். ஒருத்தரும் 'இல்லை' எண்டு சொல்லேல்லையாம். அதுதான் பிழையாம், அப்பா."

இன்றோடு சரியாக ஒரு வருடம். காலையில் தேநீருக்குச் சீனி எடுக்க அலுமாரியைத் திறந்தபோது அந்தப் பழைய தகரப் பிஸ்கற் பேணி கையில் தட்டுப்பட்டது. இப்போது சீனி அதற்குள்தான்; மூடியில் உள்ள வெட்டால் எறும்பு போகாமல் ஒட்டுத்தாள் ஒட்டியிருக்கிறேன். ஜேர்மனியில் எறும்பு குறைவுதான். ஆனாலும் ஒட்டியிருக்கிறேன். ஊரில் இருக்கும் நீங்கள், இங்கே பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று கடிதத்துக்குக் கடிதம் கேட்கிறீர்கள். இதுதான் படிக்கிறார்கள்.

2

சுகந்தி 1982இல், ஊரில் வணிகமாணிப் பட்டம் முடித்த கையோடு, மாணவி விசாவில் வந்தவள். முகாமைத்துவத்தில் மேற்படிப்பு. நான் 1985இல் அகதியாக வந்தேன். எங்கள் இருவருக்கும் இடையில் மூன்று வருடமும் இரண்டு முத்திரையும். என் கடதாசியில் குத்தியிருக்கிற முதல் முத்திரை, நான் எந்த வேலையும் சுயதொழிலும் செய்யக்கூடாது என்கிறது. இரண்டாவது முத்திரை, டோர்ட்மண்ட் நகர எல்லையைத் தாண்டக்கூடாது என்கிறது. என் மகளோ, அதே நகரத்தில், அதே வீட்டிலிருந்து போய், சுயதொழில் தொடங்குவது எப்படி என்று பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். அதற்கென்றே ஒரு கருத்தரங்கு வகுப்பு. ஊரில் கடை போட நினைத்தவன் ஒரு மேசை, ஒரு தராசு, ஒரு மாமன் ஆகிய மூன்றையும் தேடிக்கொண்டால் போதும். இங்கே அதற்குப் பதினான்கு கிழமை, மூன்று மாதத்துக்கு மேல்.

அந்த வகுப்பில் தேறினால் கிடைக்கும் பத்திரத்துக்கு ஷைன் என்று பெயர். சுகந்திக்குக் குறைவாக இருந்தது அந்த ஒரேயொரு ஷைன். ஏற்கெனவே ஒருமுறை நோயில் விழுந்து அந்த வகுப்பைத் தவறவிட்டவள். வெளிநாட்டவர் அலுவலகம் கடைசியாக எழுதியிருந்தது: ஜூன் 30க்குள் ஷைனைக் கொண்டுவந்து காட்டினால் விசா நீடிக்கும். இல்லாவிட்டால் இல்லை. இல்லாவிட்டால் கொழும்புக்கு விமானம் ஏறவேண்டும், அல்லது என்னைப்போல் அகதி விண்ணப்பம் கொடுத்து, படிப்பும் இல்லாமல் வேலையும் இல்லாமல் கடதாசியில் முத்திரை வாங்கிக்கொண்டு குந்தியிருக்க வேண்டும். யுத்தம் உச்சத்தில் இருந்த அந்த ஆண்டு மே மாதம் கொழும்புக்கு அனுப்பப்படுவது என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

வகுப்பில் மூன்று மூன்று பேராகப் பிரித்து, ஒவ்வொரு குழுவும் உண்மையாகத் தொடங்கக்கூடிய ஒரு தொழிலுக்குத் திட்டம் எழுதவேண்டும் என்றார் பேராசிரியர். சுகந்தியின் குழுவில் ஊவே என்றொரு ஜேர்மன் பொடியன். ஆறடி இரண்டு அங்குலம். சப்பாத்தைக் கழற்றாமலே குசினிவரை வருவான். மூன்றாவதாக ஒரு பெண், இரண்டாம் கிழமையோடு வகுப்பை விட்டுவிட்டாள். என்ன தொழில் என்று மற்ற இருவரும் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது நான் அடுப்படியில் பிட்டுக்கு மா வறுத்துக்கொண்டிருந்தேன். மனைவி இருந்தவரை நான் செய்யாத வேலை. அவள் போனபின் கற்றுக்கொண்டேன். ஊவே மணம் பிடித்து எட்டிப் பார்த்தான். இதை ஏன் விற்கக்கூடாது என்று கேட்டான். வறுத்த அரிசிமா, ஒரு கிலோப் பொதி, வாராவாரம் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பது. தொழில் இப்படித்தான் பிறந்தது. எனக்கு அதில் ஒரு பெருமை வந்தது என்பதை மறைக்கவில்லை. பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் அதுதான் காரணம்.

குறைந்தது அறுபது வீட்டில் விசாரித்துச் சந்தையை அளக்க வேண்டும் என்பது விதி. அளப்பதை நான் பொறுப்பெடுத்தேன். வேலை செய்யத்தான் எனக்குத் தடை. எண்ணுவதற்குத் தடை இல்லை.

3

முதலாவது வீடு எங்கள் வீடுதான். நான் வறுக்கிற மாவை ஒரு கிலோ நாலு மார்க் ஐம்பது பெனிக்குக்கு வாங்குவாயா என்று மகளிடம் முறைப்படி கேட்டேன். வாசித்துக்கொண்டிருந்த புத்தகத்திலிருந்து தலை நிமிராமல் ஓம் என்றாள். எழுதிக்கொண்டேன்.

டோர்ட்மண்டில் நம்மவர் வீடு நாற்பத்திரண்டு. மிச்சம் இருபத்தொன்று ஹாகனில், அதுவும் பெரும்பாலும் ஒரே கட்டடத்தில். ஹாகன் நகர எல்லைக்கு வெளியே. ஆகவே அனுமதி கேட்டு வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போனேன். இலக்கம் 88. உள்ளே 61 போய்க்கொண்டிருந்தது. இரண்டு மணி ஐம்பது நிமிடம் கழித்து ஒரு இளம் அலுவலர், மரியாதையானவர், விசாரித்தார். உறவினரைப் பார்க்கவா? இல்லை. வைத்தியரிடமா? இல்லை. சந்தை ஆய்வு என்று சுகந்தி எழுதித் தந்த தாளைக் காட்டினேன். சம்பளம் உண்டா என்றார். இல்லை என்றேன். பிறகு ஏன் செய்கிறீர்கள் என்றார். டொச் மொழியில் எனக்குத் தெரிந்த சொற்களை எண்ணிப் பார்த்துவிட்டு, தாளைத் திரும்பவும் அவர் பக்கம் தள்ளினேன். சம்பளமில்லாத வேலையும் ஒருவிதத்தில் வேலையாக இருக்கலாம், அதை மேலிடத்தில் கேட்கவேண்டும், நாலு கிழமை செல்லும் என்றார். நான் அனுமதி இல்லாமலே போனேன். பிடிபடவில்லை.

அறுபத்துமூன்று வீட்டில் என்னுடையதைக் கழித்தால் அறுபத்திரண்டு. அந்த அறுபத்திரண்டு வீட்டில் எழுபத்தொரு தேநீர் குடித்தேன். சில வீடுகளில் போகும்போது ஒன்று, எழும்பும்போது ஒன்று. ஒவ்வொரு வீட்டிலும் அதே பதில்.

"ஓம் ஐயா, கட்டாயம் வாங்குவம். எத்தினை கிலோ எண்டதை நீங்களே பாத்துப் போடுங்கோ."

ஆறு பொடியன்கள் ஒரே அறையில் இருந்து இரண்டு வேளையும் சோறு மட்டும் சமைக்கிற இடத்திலும் ஓம். வயிற்றுப் புண்ணுக்காகப் பிட்டு சாப்பிடவே கூடாது என்று வைத்தியர் சொல்லியிருக்கிற கனகரும் ஓம். ஹாகன் கட்டடத்தில் பூரணம் என்றொரு பெண். குசினி மூலையில் ஏழு கிலோ மா வறுத்து ஆறவிட்டிருந்தது. அந்தக் கட்டடத்துக்கே அவள்தான் வறுத்துக் கொடுக்கிறாள் என்று கீழ்வீட்டில் கேள்விப்பட்டிருந்தேன். அவளும் ஓம். நானும் கூச்சமில்லாமல் எழுதினேன், இரண்டு கிலோ.

மொத்தம் கிழமைக்கு 214 கிலோ. ஊவே அதை வைத்து மூன்று வருடத்துக்கு லாபக் கோடு ஒன்று கீறினான். கோடு தாளின் விளிம்பைத் தாண்டிப் போனது.

4

பேராசிரியர் சொன்னதைச் சுகந்தி பேருந்தில் வைத்து எனக்கு விளக்கினாள். அறுபத்துமூன்றில் அறுபத்துமூன்றும் ஓம் என்றால் நீங்கள் சந்தையை அளக்கவில்லை, விருந்தோம்பலை அளந்திருக்கிறீர்கள் என்றாராம். சொந்தத் தொழில் தொடங்குகிறவர்களில் அதிகமானோர் பணமில்லாமல் விழுவதில்லையாம், இல்லை என்ற சொல்லைக் காதில் வாங்காமல் விழுகிறார்களாம். திட்டத்தைத் திருத்திக் கொடுக்க ஜூன் 5, வெள்ளிக்கிழமை, கடைசி நாள். இல்லை என்று சொல்லக்கூடிய வழியில் திரும்பக் கேட்டுக்கொண்டு வரட்டுமாம்.

எனக்கு வந்த கோபம் சொல்லி மாளாது. ஒரு வீட்டுக்கு நாற்பது நிமிடம் வீதம் எத்தனை மணித்தியாலம் என்று கணக்குப் பார்த்துச் சொன்னேன். சுகந்தி யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, இந்தமுறை நான் போகவேண்டாம், ஊவே போகட்டும் என்றாள். அந்நியனிடம் ஆட்கள் உண்மை சொல்வார்களாம். அவளும் ஊவேயும் தொலைபேசியில் இதைப் பற்றி இருபத்துமூன்று நிமிடம் கதைத்தார்கள். எனக்கு ஐந்து சொல்லில் ஒன்று விளங்கியது. அவள் சிரித்தது மட்டும் முழுதாக விளங்கியது. என்னோடு கதைக்கும்போது அவள் அப்படிச் சிரித்து எவ்வளவு காலம் என்று அன்றைக்குக் கணக்கிட முயன்று விட்டுவிட்டேன்.

ஊவே ஒன்பது வீட்டுக்குப் போனான். ஏழு வீட்டில் கதவு திறக்கவில்லை. கையில் கோப்போடு ஒரு வெள்ளைக்காரன் கதவைத் தட்டினால் நம்மவர் என்ன நினைப்பார்கள் என்று அவனுக்கு யார் சொல்வது? திறந்த இரண்டு வீட்டிலும் அவனை இருத்தி, தங்கள் கடிதங்களையெல்லாம் கொண்டுவந்து மடியில் வைத்து, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டிருக்கிறார்கள். பாவம், வாசித்துக் காட்டிவிட்டு வந்தான். மாவைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை.

அன்றைக்குத்தான் எனக்குப் புத்தி வந்தது. என் தொழில் முழுக்கச் சங்கத் தேர்தல் நடத்தியவன் நான். கையை உயர்த்தச் சொன்னால் தலைவர் ஏகமனதாகத் தெரிவாவார். பெட்டி வைத்தால் அதே ஆட்கள் அதே தலைவரைப் பன்னிரண்டு வாக்கால் தோற்கடிப்பார்கள். முடிந்த பின் அவருக்கே மாலையும் போடுவார்கள். இதை நாலுமுறை என் கண்ணால் கண்டவன். இப்போதும் கையை உயர்த்தச் சொல்லிக் கேட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

பிஸ்கற் பேணி ஒன்று வாங்கினேன். மூடியில் கத்தியால் ஒரு வெட்டு. நூலால் கட்டி, முடிச்சின் மேல் மெழுகு ஊற்றி முத்திரை. ஒரு தாளில் நாலாகப் பதினாறு தாள் நகல் எடுத்து வெட்டினேன். வாக்குச்சீட்டில் தமிழில் ஓம், இல்லை. கீழே டொச்சில் யா, நைன். எவர் போட்டது என்று தெரியக்கூடாது என்பதற்காக எல்லோருக்கும் ஒரே பென்சில், அதை நானே கொண்டுபோய்க் கொடுப்பது. எங்கள் வீட்டுச் சீட்டை மட்டும் குசினி மேசையில் பேணிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நித்திரைக்குப் போனேன். காலையில் அது பேணிக்குள் விழுந்திருந்தது.

5

டோர்ட்மண்ட் வீடுகளை முடித்துவிட்டு ஹாகனுக்கு இரண்டாம்முறை போனது மே 30, சனிக்கிழமை. பூரணம் சீட்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"மறைவாப் போடவேணுமோ ஐயா?"

"ஓம் பிள்ளை. நான் அந்தப் பக்கம் திரும்பி நிக்கிறன்."

"சத்தியமா ஆர் போட்டதெண்டு தெரியவராதோ?"

"தெரியவராது."

"அப்ப முதலிலை தேத்தண்ணியைக் குடியுங்கோ" என்று விட்டுக் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

மாலை 5.25க்கு ஹாகன் புகையிரத மேடையில் இரண்டு பொலிசார் என்னிடம் வந்தார்கள். ஒருவர் மீசை நரைத்தவர், மற்றவர் இளையவர். கடதாசி கேட்டார்கள், கொடுத்தேன். டோர்ட்மண்ட் என்ற சொல்லின் மேல் நரைமீசையின் விரல் நின்றது. அத்தோடு ஒரு தண்டக் கடிதத்தோடு முடிந்திருக்க வேண்டிய விடயம். ஆனால் இளையவர் பேணியைக் காட்டி அதற்குள் என்ன என்று கேட்டார். வெட்டு வைத்த மூடி, மெழுகு முத்திரை, அகதிகள் கட்டடத்திலிருந்து வருகிற ஆள். காசு சேர்க்கிறேன் என்று நினைத்திருக்கவேண்டும். தேர்தல் என்றேன். என்ன தேர்தல் என்றார். எனக்குத் தெரிந்த சொல்லைத் தேடிப் பிடித்து, இரகசியம் என்றேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்த பார்வையில் அது பொருத்தமான சொல் அல்ல என்று விளங்கியது.

பொலிஸ் நிலையத்தில் மேசைமேல் பேணியை வைத்து, திறக்கச் சொன்னார்கள். நான் மறுத்தேன். இப்போது நினைத்தால் எனக்கே எரிச்சல் வருகிறது. முத்திரையிட்ட பெட்டியை எண்ணும் இடத்தில் இரண்டு சாட்சிகள் முன்னால் அல்லாமல் திறக்கக்கூடாது. முப்பத்தொரு வருடம் திறக்கவில்லை. ஒரு பொலிஸ்காரர் கத்தியை எடுத்ததற்காகத் திறப்பதா? நான் திறக்காவிட்டால் பேணியைத் திங்கட்கிழமைவரை வைத்திருப்போம், அதன்பின் அது வேறு பிரிவுக்குப் போகும் என்று விளங்கும்படி மெதுவாகச் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை திட்டம் கொடுக்கக் கடைசி நாள். அப்படியும் நான் மூடியின் மேல் கை வைத்தபடி இருந்தேன்.

சுகந்தியைத் தொலைபேசியில் கூப்பிட்டார்கள். ஒரு மணி பத்து நிமிடத்தில் ஊவேயோடு வந்தாள். விசா முடிய ஒரு மாதம் இருக்கிறவள் பொலிஸ் நிலையத்துக்கு வந்து, கேட்டதும் கடவுச்சீட்டை எடுத்துக் கொடுத்து, மொழிபெயர்ப்பாளராகத் தன் பெயரை எழுதக் கொடுத்தாள். எழுதுகிற பேனையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தத் தாள் எங்கே போகும் என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. பிறகு என்னிடம் திரும்பினாள்.

"அப்பா, திறவுங்கோ."

"இரண்டு சாட்சி வேணும், பிள்ளை."

"ரெண்டு பொலிஸ்காரர் நிக்கினம். உங்கடை திணைக்களத்திலை இதைவிட நல்ல சாட்சி எப்பவாவது கிடைச்சதோ?"

நான் மூடியிலிருந்து கையை எடுத்தேன். அவள் அவர்களுக்கு எல்லாவற்றையும் விளக்கினாள். மா, வகுப்பு, பேராசிரியர், ஓம். நரைமீசை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, தானே ஒவ்வொன்றாக எடுத்து விரித்து வாசிக்கத் தொடங்கினார். ஊவே ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு கீறி எண்ணினான்.

நைன். நைன். யா. நைன். நைன். நைன்.

ஜேர்மனிக்கு வந்த இரண்டு வருடத்தில் நான் கேட்ட நைன்கள் கொஞ்சமல்ல. எல்லாம் அலுவலக யன்னல்களில் கேட்டவை. இவை எனக்குத் தேநீர் தந்த வீடுகளின் நைன்கள். அதையும் ஒரு பொலிஸ்காரர் வாயால் கேட்க வேண்டியிருந்தது. இருபதுக்குப் பிறகு அவர் குரலைக் கொஞ்சம் தாழ்த்தினார். மரியாதைக்காகத்தான் என்று நினைக்கிறேன்.

கடைசிக்கு முதல் சீட்டை விரித்தவர் சற்று நிறுத்தினார். மற்ற எல்லாம் பென்சில். இது மட்டும் பச்சை மை. பாடப்புத்தகங்களில் பச்சைப் பேனையால் கோடு போடுகிற ஒருவரை எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுக் குசினி மேசையில் நான் பென்சில் வைக்கவில்லை.

நைன் என்று வாசித்து அதையும் மற்றவற்றோடு வைத்தார். நான் சுகந்தியைப் பார்க்கவில்லை. அவள் சுவரில் இருந்த புகையிரத அட்டவணையை வாசித்துக்கொண்டிருந்தாள்.

யா 9. நைன் 54. மொத்தம் 63, செல்லுபடியாகாதது இல்லை. முடிவுத்தாளில் சாட்சிகள் என்ற இடத்தில் கையெழுத்து வைக்க முடியுமா என்று கேட்டேன். இளையவர் நரைமீசையைப் பார்த்தார். நரைமீசை வைத்தார். பிறகு எனக்குத் தண்டம் எழுதினார்.

6

இந்த ஒன்பது வீட்டை நம்பி இந்தத் தொழிலைத் தொடங்கக்கூடாது என்று முடியும் திட்டத்தைச் சுகந்தியும் ஊவேயும் ஜூன் 4இல் கொடுத்தார்கள். பேராசிரியர் அந்த முடிவுத்தாளை வகுப்பில் எல்லோருக்கும் காட்டினாராம். தொடங்கமாட்டோம் என்று எழுதியதற்காக, தொழில் தொடங்கும் வகுப்பில் தேர்ச்சி. இரண்டாம் தரம். என் வயதுக்கு இது விளங்கவேண்டும் என்று எவரும் எதிர்பார்க்கக்கூடாது. ஜூன் 24இல் ஷைன், 29இல் விசாவுக்கு இன்னும் ஒரு வருடம். ஹாகனில் எழுதிய தாளைப் பற்றி அங்கே எவரும் கேட்கவில்லை. அது எங்கே போனது என்று இன்றைக்கும் தெரியாது. அந்த விசா முடிய இன்னும் நாற்பத்தெட்டு நாள் இருக்கிறது என்பதையும் நான் எண்ணாமல் இல்லை.

அதற்குப் பிறகும் அந்த வீடுகளுக்குப் போகிறேன். தேநீர் தருகிறார்கள். மா எப்போது வரும் ஐயா என்றுகூட ஒன்றிரண்டு பேர் கேட்கிறார்கள். பூரணம் கேட்டாள். சங்கத்தில் மாலை போட்டவர்களின் முகம் அப்படியே.

மகளிடம் நான் கேட்கவில்லை. இரகசிய வாக்கெடுப்பில் கேட்பது முறையல்ல. அதோடு அவள் காலையில் பாணும் வெண்ணெயும்தான் சாப்பிடுகிறாள் என்பதை இரண்டு வருடமாகத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். அதையும் எண்ணியிருக்க வேண்டும். எண்ணவில்லை. அவள் முதல்முறை சொன்ன ஓம் எழுபத்தொரு தேநீரோடு சேர்க்கவேண்டியது என்று இப்போது விளங்குகிறது. நான் மனம் நோகக்கூடாது என்று சொன்னது. அப்படிச் சொன்னவள் வெளியாள் ஆகிவிட்டாளா, அல்லது வெளியாட்களைப்போல் என்னிடம் மரியாதையாக இருக்கிறாளா என்பதை எந்தப் பேணியில் போட்டு எண்ணுவது?

இன்று காலையும் அவளுக்குப் பாண். எனக்குப் பிட்டு. சனிக்கிழமைகளில் ஊவே வருகிறான், இப்போது சப்பாத்தைக் கழற்றிவிட்டு வருகிறான். இரண்டு தட்டுப் பிட்டு சாப்பிடுவான். இந்த மாவை விலைக்கு வாங்குவாயா என்று அவனிடம் நான் ஒருபோதும் கேட்டதில்லை.

கணக்கு வருமாறு. தண்டம் எண்பது மார்க், அலுவலகச் செலவு என்று அதோடு பதினைந்து. ஹாகனுக்கு நான் இரண்டுமுறை போய்வந்தது 22.40, என்னை மீட்க அவர்கள் இருவரும் வந்துபோனது 22.40. ஊவே தன் பங்கை வாங்க மறுத்தான், சட்டைப்பையில் திணித்தேன். நகல் 1.60, பேணி பிஸ்கற்றோடு 4.95, மெழுகுதிரி 1.20, பென்சில் ஒன்று 0.60. வீட்டு மேசைக்கு என்று இரண்டாவது பென்சில் வாங்காமல் மிச்சம் பிடித்தேன். ஆகவே மொத்தம் நூற்று நாற்பத்தெட்டு மார்க், பதினைந்து பெனிக்.